10.75 மவுசர் துப்பாக்கி: தோட்டாவின் கேப்பில் (அடியில் உள்ள வெடிமூடியில்) லேசான குத்து மட்டும் விழுகிறது, வெடிக்கவில்லை. என்ன கோளாறு?

கெட்டிங்கன் சேது:

வணக்கம். ஜெர்மனியில் கெட்டிங்கன் பக்கம் இருக்கிறேன். வேட்டை உரிமம் எடுத்து இரண்டு வருடம் ஆகிறது. என் மனைவியின் தாத்தா போன வருடம் காலமானார். நமீபியாவில், ஓட்ஜிவாரோங்கோ பக்கம் மாட்டுப்பண்ணை வைத்திருந்தவர். 1978-இல் குடும்பத்தோடு ஊர் திரும்பியபோது கொண்டுவந்த துப்பாக்கி ஒன்று முறைப்படி இப்போது என் துப்பாக்கி உரிம அட்டையில் ஏறியிருக்கிறது.

மவுசர் 98 வகை போல்ட் (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் தண்டு). குழலின் மேல் 10,75 x 68 என்று வெட்டியிருக்கிறது, அதாவது குண்டின் விட்டமும் கூட்டின் நீளமும் மி.மீ. கணக்கில். கட்டையிலிருந்து பிரித்துப் பார்த்தால் குழலின் அடியில் கிரீடம் வைத்த பி, யு, ஜி முத்திரைகள், பக்கத்தில் 3 27 என்ற எண். தாத்தாவின் தோல் பையில் ஐந்து பழைய தோட்டாக்கள் இருந்தன. அடியில் டிடபிள்யுஎம் (ஜெர்மன் தோட்டாக் கம்பெனி), 515ஏ என்று அச்சு. கூட்டின் நீளம் அளந்தேன், 68 மி.மீ. எல்லாம் ஒத்துப்போகிறதே என்று புதிதாக அதே அளவில் 20 தோட்டா வாங்கினேன். பழையதைத் தொடவில்லை.

சனிக்கிழமை சுடுதளத்தில் முதல் தோட்டா. மேகசினில் வைத்தால் சரியாக ஏறாமல் தடுமாறியது. அதனால் நேராகச் சேம்பரில் (குழலின் பின்புறம் தோட்டா உட்காரும் அறையில்) போட்டு போல்ட்டை மூடினேன். மூடும்போது எந்தப் பிடிப்பும் இல்லை, வெண்ணெய் மாதிரி போனது. விசையை இழுத்தேன். ‘டிக்’ என்றது, அவ்வளவுதான். குழலை இலக்குப் பக்கமே வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் முழுக்கக் காத்திருந்து போல்ட்டைத் திறந்தேன். தோட்டா கூடவே வரவில்லை, உள்ளேயே தங்கிவிட்டது. வாயை மேலே தூக்கியதும் தானாக வழுக்கிக் கையில் விழுந்தது. கேப்பில் ஊசி முனை பட்ட மாதிரி ஒரு சின்னப் புள்ளி. இன்னும் இரண்டு தோட்டாக்களிலும் இதே கதை.

ஸ்பிரிங் தளர்ந்துவிட்டதா? கேப்பைத் தட்டும் ஃபயரிங் பின் தேய்ந்துவிட்டதா? எங்கிருந்து பார்ப்பது?

முருகவேல்_71:

முதலில் போல்ட்டைக் கழற்றிப் பாருங்கள். பல வருடம் சும்மா இருந்த துப்பாக்கியில் உள்ளே கிரீஸ் கெட்டியாகி அரக்கு மாதிரி ஆகிவிடும். ஃபயரிங் பின் வேகம் குறைந்து கேப்பை லேசாகத்தான் தட்டும். மண்ணெண்ணெயில் கழுவி, காயவைத்து, மெல்லிய எண்ணெய் ஒரு சொட்டு விடுங்கள். எங்கள் வீட்டு 12 போரில் இதே தொல்லைதான் இருந்தது, கழுவியதோடு சரியாகிவிட்டது.

கெட்டிங்கன் சேது:

நன்றி அண்ணா. நேற்று இரவே கழற்றினேன். உள்ளே சுத்தமாகத்தான் இருக்கிறது. ஸ்பிரிங்கும் நல்ல விறைப்பு, திரும்ப மாட்டுவதற்கே கை வலித்துவிட்டது. பின் முனை உருண்டையாக, தேயாமல் இருக்கிறது.

லேத் தாமோதரன்:

தம்பி, இனி ஒரு தோட்டாவும் அதில் போட வேண்டாம். ஸ்பிரிங்கை விடுங்கள். நீங்கள் எழுதியதில் எனக்கு உறுத்துவது வேறு மூன்று விஷயம்: மூடும்போது பிடிப்பே இல்லை, போல்ட்டோடு தோட்டா வரவில்லை, வாயைத் தூக்கினால் தானாக விழுகிறது. அளவு சரியாக உள்ள சேம்பரில் தோட்டா இப்படி ஆடாது.

சிரமம் பார்க்காமல் வெர்னியர் வைத்து இவற்றை அளந்து சொல்லுங்கள். போல்ட் முகத்தில் தோட்டாவின் அடி உட்காரும் குழியின் அகலம். மேகசின் பெட்டியின் உள் நீளம். விசைக்காப்பின் முன் திருகுக்கும் பின் திருகுக்கும் நடுவே உள்ள தூரம், மையத்திலிருந்து மையத்துக்கு. அப்புறம் அந்தத் தோல் பையில் வேறு ஏதாவது இருக்கிறதா என்று தையல் ஓரம் வரை தேடிப் பாருங்கள்.

கெட்டிங்கன் சேது:

போல்ட் முகம் 13.9 மி.மீ. மேகசின் உள் நீளம் 92. திருகுகளுக்கு நடுவே 199. என் தோட்டாவின் அடி விளிம்பு 12.5தான், நீங்கள் கேட்ட பிறகுதான் அதையும் அளந்தேன். வித்தியாசத்தைப் பார்த்ததும் வயிறு கலங்கியது.

பையில் ஒரு காலிக் கூடு இருந்தது. வேறு துப்பாக்கியுடையது என்று நினைத்து ஒதுக்கி வைத்திருந்தேன். அடியில் கைனாக் (பிரிட்டிஷ் தோட்டாக் கம்பெனி), .404 என்று அச்சிட்டிருக்கிறது. நீளம் 73க்குக் கொஞ்சம் குறைவு, அடிப்பகுதி தடிமன் 13.8. அதை மட்டும் சேம்பரில் விட்டுப் பார்த்தேன். கைக்கு அடக்கமாக உட்கார்ந்தது, போல்ட் மூடியது, திறந்ததும் கூடவே வெளியே வந்தது.

லேத் தாமோதரன்:

விடை அந்தக் காலிக் கூட்டில்தான் இருக்கிறது. உங்கள் துப்பாக்கி பிறக்கும்போது 10.75 x 68. இப்போது அது .404 ஜெஃப்ரி. ஆப்பிரிக்காவில் எப்போதோ யாரோ சேம்பரைக் குடைந்து பெரிதாக்கியிருக்கிறார்கள், மேலே இருந்த எழுத்தை அப்படியே விட்டுவிட்டார்கள். பையில் இருந்த 515ஏ தோட்டாக்கள் அந்த வேலை நடப்பதற்கு முந்தைய மிச்சம். 515ஏ என்பது டிடபிள்யுஎம் அந்த 68 கூட்டுக்குக் கொடுத்த எண்.

ஏன் மாற்றினார்கள் என்று கேட்டால், 10.75 x 68-இன் வரலாறே அதுதான். முதல் உலகப் போருக்குப் பிறகு வந்த தோட்டா இது. சாதாரண நீள மவுசர் 98-இல் அப்படியே அடங்கும் என்பதால் துப்பாக்கி மலிவாகக் கிடைத்தது, ஆப்பிரிக்காவுக்கும் இந்தியாவுக்கும் நிறையப் போனது. குண்டு 347 கிரெய்ன், அதாவது 22.5 கிராம். வேகம் விநாடிக்கு சுமார் 670 மீட்டர். புலிக்கும் மானுக்கும் தாராளம். ஆனால் அந்த விட்டத்துக்கு அந்த எடை போதாது. குண்டு குட்டையாக இருக்கும், எலும்பில் பட்டால் ஆழம் போகாது. அந்தக் காலத்துக் குண்டின் மேலுறையும் மெலிது. யானை, காட்டெருமை முன்னால் நின்றவர்கள் இதைக் குறையாகவே சொல்லி வந்தார்கள். 1905-இல் பெர்லினில் ஓட்டோ போக் உருவாக்கிய 9.3 x 62 இதைவிடச் சிறிய துளைதான். ஆனால் 18.5 கிராம் நீளக் குண்டு என்பதால் ஆழமாகப் பாயும். நமீபியப் பண்ணைகளில் அது இன்றும் புழங்குவது அதனால்தான்.

.404 லண்டன் ஜெஃப்ரி கம்பெனியின் தோட்டா. 400 கிரெய்ன் குண்டு, வேகம் விநாடிக்கு சுமார் 650 மீட்டர். ஜெர்மனியில் இதற்கு 10.75 x 73 என்றே பெயர். இரண்டு குண்டுகளுக்கும் விட்டம் கிட்டத்தட்ட ஒன்றுதான், எனவே குழலை மாற்றத் தேவையில்லை. சேம்பரைப் பெரிதாக்கி, போல்ட் முகத்தை அகலப்படுத்தி, மேகசினை நீட்டினால் அதே குழலில் கனமான குண்டு ஓடும். உங்கள் 13.9-ம் 92-ம் சொல்வது இதைத்தான்.

இனி கவனமாகப் படியுங்கள். நீங்கள் தப்பியது கையால் சேம்பரில் போட்டதால். மெலிந்த தோட்டா முன்னால் சரிந்துவிட்டது, தோட்டாவை வெளியே இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர் கொக்கி விளிம்பைப் பிடிக்கவில்லை, பின் தட்டியபோது தோட்டா இன்னும் முன்னால் நகர்ந்து அடியை வாங்காமல் விலகியது. அதனால்தான் சின்னப் புள்ளி. மேகசினிலிருந்து ஏறியிருந்தால் கொக்கி ஓரத்தையாவது பற்றியிருக்கும், தோட்டா வெடித்திருக்கும். சுற்றிலும் சுவர் தாங்காத பித்தளை கிழிந்து வாயு பின்னால் வந்திருக்கும். மவுசர் 98-இல் அதற்கென்று போல்ட்டில் இரண்டு துளைகளும், பின்னால் வாயுவைத் திருப்பிவிட ஒரு விளிம்பும் உண்டு. இருந்தாலும் அதை நம்பி முகத்தை அங்கே வைக்கக்கூடாது.

வால்பாறைக்காரன்:

எங்கள் தாத்தா எஸ்டேட் கண்டக்டர். துரையிடம் ஒரு பத்தே முக்கால் மவுசர் இருந்தது என்று சொல்லிக்கொண்டே இருப்பார். 1907-இல் .450 அங்குலத் துளைத் துப்பாக்கியை இந்தியாவில் தடை செய்த பிறகு பெரிய மிருகத்துக்கு வேறு அளவு தேட வேண்டியிருந்தது, விலை கொடுக்க முடியாதவர்களுக்கு இந்த ஜெர்மன் துப்பாக்கிதான் கை கொடுத்தது. 1972 வனவிலங்குச் சட்டத்தோடு அந்தக் காலம் முடிந்தது. சேதுவின் கதையைப் படித்ததும் நடுங்கிவிட்டேன். பத்திரமாக இருங்கள் தம்பி.

கெட்டிங்கன் சேது:

தாமோதரன் அண்ணா, எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. மனைவியிடம் சொன்னபோது அவள் பேசாமல் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இரண்டு சந்தேகம். ஒன்று, 199 எதற்குக் கேட்டீர்கள்? இரண்டு, .404 தோட்டா வாங்கிச் சுடலாமா?

லேத் தாமோதரன்:

199 என்பது சாதாரண நீள 98-இன் திருகு இடைவெளி. பெரிய மேக்னம் மவுசரில் இது இன்னும் நீளமாக இருக்கும். .404 தோட்டாவின் மொத்த நீளம் 90 மி.மீ. அருகில். 68-உடையது 81தான். சாதாரண நீளத்தில் 90ஐ நுழைக்க வேண்டுமென்றால் மேகசினின் முன் சுவரையும் தோட்டா ஏறும் சரிவையும் வெட்டியே ஆக வேண்டும். அந்தச் சரிவுக்கு நேர் முன்னால்தான் போல்ட்டின் கீழ்ப் பூட்டுப் பல் சாய்ந்து நிற்கும் சுவர் இருக்கிறது. சுடும்போது வரும் உதையில் பாதி அந்தச் சுவர் மேல்தான். அதை வெட்டி மெலித்துவிட்டால் துப்பாக்கி இன்று தாங்கும், நாளை தாங்குமா என்பது கேள்வி. நல்ல கைகள் செய்தால் போதுமான உலோகம் மிஞ்சும். யார் செய்தார் என்று உங்களுக்குத் தெரியாதே.

எனவே அவசரப்படாதீர்கள். துப்பாக்கி செய்பவரிடம் கொண்டுபோய் சேம்பரை வார்ப்பு எடுக்கச் சொல்லுங்கள். குறைந்த சூட்டில் உருகும் ஈயக் கலவையை ஊற்றி எடுப்பார்கள், உறைந்ததும் முதலில் சுருங்கும், சுமார் ஒரு மணி நேரத்தில் சேம்பரின் உண்மை அளவுக்கு வரும். அப்போது அளக்க வேண்டும். கூடு உட்கார்ந்தது என்பதை மட்டும் நம்ப வேண்டாம்.

முத்திரையையும் யோசியுங்கள். பி, யு, ஜி மூன்றும் 1891 ஜெர்மன் சட்டப்படி, துப்பாக்கி தாங்குமா என்று சோதித்து அடிக்கும் முத்திரைகள். 3 27 என்றால் 1927 மார்ச். சூல் நகரத்துச் சோதனைச் சாலையில் இப்படி மாதமும் வருடமும் அடிப்பார்கள். அந்தச் சோதனை நடந்தது 68 சேம்பருக்கு. குடைந்த பிறகு பிற்காலத்துக் கழுகு முத்திரையோ வேறு எதுவுமோ இல்லையென்றால் இப்போதைய சேம்பர் ஜெர்மனியில் சோதிக்கப்படவே இல்லை. அந்த முத்திரை வாங்காமல் சுடுவது சட்டப்படியும் தவறு. உங்கள் அட்டையில் 10,75 x 68 என்று எழுதியிருப்பார்கள், அதையும் திருத்த வேண்டும்.

கெட்டிங்கன் சேது:

பத்து நாள் கழித்து எழுதுகிறேன், தாமதத்துக்கு மன்னிக்கவும்.

இங்கே ஒரு வயதான துப்பாக்கி செய்பவரிடம் காட்டினேன். வார்ப்பு எடுத்தார். சாம்பல் நிறத்தில், தோட்டா மாதிரியே ஒரு கட்டி. அளந்தால் 73, அடி 13.8 சொச்சம். நீங்கள் சொன்னதேதான். அப்புறம் போல்ட்டைக் கழற்றி, சின்ன விளக்கைப் பிடித்துச் சரிவை எனக்குக் காட்டினார். அரம் போட்ட கோடுகள் அப்படியே தெரிகின்றன, ஒரு பக்கம் அதிகமாக, ஒரு பக்கம் குறைவாக. கீழ்ப் பல்லின் பின்னால் உள்ள சுவர் தன் விருப்பத்தைவிட மெலிதாக இருக்கிறது என்றார். சூலுக்கு அனுப்பலாம், ஆனால் சோதனைத் தோட்டா வழக்கமான உச்ச அழுத்தத்தைவிடக் கால் பங்கு அதிகமாகப் போகும், அதில் துப்பாக்கியே போனாலும் போகலாம், முடிவு உன்னுடையது என்று சொல்லிவிட்டார்.

வீட்டில் பேசினோம். அனுப்பவில்லை. அட்டையில் அளவைத் திருத்த மனு கொடுத்தாயிற்று. இனி அது சுடாது, பெட்டகத்தில் எண்ணெய் பூசி இருக்கும். நான் வாங்கிய 20-ஐயும், அடிபட்ட மூன்று உட்பட, பழைய ஐந்தையும் அவரிடமே ஒப்படைத்துவிட்டேன்.

மனைவியின் அத்தையிடம் தொலைபேசியில் கேட்டோம். அவர் சிறுமியாக இருந்தபோது அப்பா துப்பாக்கியை விண்ட்ஹூக்கில் ஒருவரிடம் விட்டுவந்ததும், பல மாதம் அது வீட்டில் இல்லாததும் நினைவிருக்கிறதாம். திரும்பி வந்தபோது தோட்டா ‘தடித்துவிட்டது’ என்று அப்பா காட்டினாராம். அந்த கைனாக் கூட்டை அத்தை கேட்டிருக்கிறார், இன்று தபாலில் போடுகிறேன்.