பழைய அக்கார்டை ஏற்காடு முதியோர் இல்லத்துக்குக் கொடுக்க: ஆர்.சி., 80ஜி, மலைக்கு முன் பார்க்க வேண்டிய வேலைகள்

அஸ்தம்பட்டிக்காரன்:
வணக்கம். ஹோண்டா அக்கார்டு 2.4 பெட்ரோல், ஆட்டோமேட்டிக், டிஎன் 30 பதிவு. 1,12,000 கி.மீ. ஓடியிருக்கு. 15 வருஷ ஆர்.சி. முடிய இன்னும் நாலு மாசம். லோன் எப்பவோ முடிஞ்சுது, ஆனா ஆர்.சி.யில பேங்க் பேர் அப்படியே நிக்குது. ஏற்காட்டுல ஒரு டிரஸ்ட் நடத்தற முதியோர் இல்லத்துக்கு, பெரியவங்களை சேலம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வரப் போக, இதைக் குடுக்கலாம்னு இருக்கேன். எந்த வேலையை முதல்ல முடிக்கணும்? 80ஜி (நன்கொடைக்கு வருமான வரிக் கழிவு) கிடைக்குங்களா? மலைக்கு அனுப்பறதுக்கு முன்னாடி என்னென்ன மாத்தணும்?

பேப்பர் வேலை:
முதலில் பேங்க் பெயரை நீக்குங்கள் சார். பேங்கில் என்.ஓ.சி.யும் (லோன் பாக்கி இல்லை என்ற சான்று), அவர்கள் கையெழுத்திட்ட படிவம் 35-ம் (பேங்க் பெயரை நீக்கும் விண்ணப்பம்) வாங்க வேண்டும். பழைய என்.ஓ.சி. பீரோவில் இருந்தால் தேதியைப் பாருங்கள். காலாவதி ஆகியிருந்தால் புதிதாகக் கேட்கத்தான் வேண்டும். அடுத்து ஆர்.சி. புதுப்பிப்பு, படிவம் 25. முடிவதற்கு 60 நாளுக்குள்தான் விண்ணப்பிக்க முடியும். 15 வருஷம் தாண்டும் காருக்கு மத்தியக் கட்டணம் 5,000 ரூபாய், பசுமை வரி தனி. தாமதமானால் மாதத்துக்கு 500 கூடும். இன்ஸ்பெக்டர் வண்டியைப் பார்ப்பார், அதனால் விளக்கு, ஹாரன், வைப்பர், டயர் எல்லாம் ஒழுங்காக இருக்கட்டும்.

அதன்பின் பெயர் மாற்றம். படிவம் 29 இரண்டு பிரதி, படிவம் 30 ஒன்று. டிரஸ்ட் பக்கம் டிரஸ்ட் டீட் நகல், பான், முகவரிச் சான்று, இன்னாருக்குக் கையெழுத்து அதிகாரம் என்று தீர்மானம், முத்திரை. இந்தத் தீர்மானம் இல்லாமல்தான் பல விண்ணப்பங்கள் திரும்பி வருகின்றன. அவர்கள் முகவரி எந்த ஆர்.டி.ஓ. எல்லையோ அங்கேதான் பெயர் மாறும். பரிவாகன் தளத்தில் (அரசின் வாகனப் பதிவு இணையதளம்) இ-சலான், அதாவது போக்குவரத்து அபராதம், பாக்கி இருந்தால் கட்டிவிடுங்கள், அது நின்றால் எல்லாமே நிற்கும். தானப் பத்திரம் பதிய வேண்டியதில்லை. கார் அசையும் பொருள், ஒப்படைத்தாலே தானம் செல்லும். தேதி, நேரம், கி.மீ. ரீடிங் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்ட ஒரு தாள் போதும்.

80ஜி கிடைக்காது. அந்தப் பிரிவு பணமாகக் கொடுத்த நன்கொடைக்கு மட்டும். பொருளாகக் கொடுத்தால் எவ்வளவு மதிப்பு இருந்தாலும் கழிவு இல்லை. ரொக்கம் என்றால் 2,000 ரூபாய்க்கு மேல் செல்லாது. புதிய வரி முறையில் இருந்தால் 80ஜி என்ற பேச்சே இல்லை.

கணக்கு பாக்கறவன்:
குடுக்கணும்ங்கற மனசு பெருசு சார். ஆனா வாங்கறவங்க பக்கம் நின்னும் பாருங்க. 2,354 சிசி, 1,500-க்கு மேல. வெறும் மூணாம் நபர் இன்சூரன்ஸே வருஷம் 7,897 ரூபாய், ஜிஎஸ்டி சேத்தா ஒன்பதாயிரத்தைத் தாண்டும். 1,197 சிசி மாருதி ஈகோ வேனுக்கு அதே 3,416. மலையில பெட்ரோல் குடிக்கறது தனி. சீட் தாழ்வு, முட்டிவலி இருக்கறவங்களை இறக்கி ஏத்த ரெண்டு பேர் வேணும். எஸ்டேட் மண் ரோட்டுல அடி உரசும்.

வித்துட்டுப் பணத்தைச் செக்கா குடுத்தா அவங்க தோதான வண்டி எடுப்பாங்க, பழைய வரி முறையில இருந்தா உங்களுக்கும் 80ஜி உண்டு (டிரஸ்டுக்கு அந்தப் பதிவு இருக்கான்னு முதல்லயே கேளுங்க). சொந்த உபயோகக் கார் வித்தா மூலதன ஆதாய வரி கிடையாது. முடிவு பண்றதுக்கு முன்னாடி ஒரு வாரம் அவங்க டிரைவரை உங்க கண் முன்னாடி ஓட்டச் சொல்லிப் பாருங்க. ஆட்டோமேட்டிக் பழகாதவர்னா அதுவே ஒரு பதில்.

செவ்வாய்ப்பேட்டை ஒர்க்‌ஷாப்:
குடுக்கறதுதான்னா பிரேக்குக்குச் செலவு பண்ணுங்க, பெயிண்டுக்கு வேண்டாம். ஏற்காட்டு ரோட்டுல 20 கொண்டை ஊசி, அத்தனையும் இறக்கத்துல பிரேக்கைச் சூடாக்கும். பிரேக் ஆயில் காத்துல இருக்கற ஈரத்தை இழுக்கும். பழசானா கொதிநிலை இறங்கி, சூட்டுல உள்ள ஆவி கட்டும், பெடல் தரை வரைக்கும் போயிரும். டாட் 4 பிரேக் ஆயில் ஒரு லிட்டர் வாங்கி நாலு வீலும் பிளீட் பண்ணுங்க, அதாவது பழைய ஆயிலையும் உள்ள இருக்கற காத்தையும் வெளியேத்துங்க. முன் பிரேக் பேட் 4 மி.மீ.க்குக் கீழ இருந்தா மாத்திருங்க.

டயர்ல பட்டன் (தேயாத மேல்கட்டை) இருந்தாலும் வயசைப் பாருங்க. பக்கச் சுவர்ல நாலு இலக்கம் இருக்கும், 2318-ன்னா 2018-ல 23-வது வாரம். ஆறு வருஷம் தாண்டினதை மலைக்கு விடாதீங்க. கியர் ஆயில் ஹோண்டா டிடபிள்யூ-1 மட்டும். ஒரு தடவை வடிச்சா சுமார் 2.5 லிட்டர்தான் இறங்கும், மீதி டார்க் கன்வெர்ட்டர்ல (இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கற பாகம்) நிக்கும். அதனால நடுவுல ஓட்டி ஓட்டி மூணு தடவை மாத்தணும். இந்த இன்ஜினுக்கு டைமிங் செயின், பெல்ட் செலவு இல்லை. டிரைவர்கிட்ட ஒண்ணு சொல்லிருங்க: இறங்கும்போது 'டி'-யிலயே விடாம கியரைக் குறைச்சுப் போட்டு வரணும்.

அஸ்தம்பட்டிக்காரன்:
ரொம்ப நன்றிங்க. இல்லத்துல பேசினேன். டிரைவர் நல்லாவே ஓட்டறார், கார் வேணும்ங்கறாங்க. ஆனா 29, 30-ல கையெழுத்து மட்டும் போட்டுக் குடுங்க, பேர் மாத்தறதை அப்புறம் பாத்துக்கறோம்ங்கறாங்க. சரிங்களா?

பேப்பர் வேலை:
வேண்டாம் சார். ஆர்.சி.யில் யார் பெயரோ அவரே உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் நவீன் குமார் வழக்கில் சொல்லிவிட்டது. கார் கை மாறியிருந்தாலும், விபத்து என்றால் இழப்பீட்டுப் பொறுப்பு உங்கள் பெயரில் வரும். அவர்கள் இன்சூரன்ஸ் கட்ட மறந்த வாரத்தில் நடந்தால் உங்கள் சொத்தில் கை வைக்கும். பரிவாகனில் டிரஸ்ட் பெயர் தெரியும் வரை சாவி உங்களிடமே இருக்கட்டும். இன்சூரன்சை 14 நாளுக்குள் அவர்கள் பெயருக்கு மாற்றச் சொல்லுங்கள். நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் வாங்காத வருஷங்களுக்கான பிரீமியத் தள்ளுபடி) உங்களுடையது. கம்பெனியில் அதற்குத் தனிக் கடிதம் வாங்கினால் அடுத்த காருக்குப் பயன்படும். ஃபாஸ்டேகை மூடாமல் அனுப்பினால் டோல் உங்கள் கணக்கில்தான் கழியும்.