வயாக்ஸ் வழக்குகள்: ரெக்கார்டு இருந்தவர்களும் இல்லாதவர்களும்

மருந்தைக் கம்பெனியே சந்தையிலிருந்து எடுத்துவிட்டது, அப்படியென்றால் தப்பு அவர்கள் மேல்தான், நஷ்டஈடு வந்துவிடும் என்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். அவ்வளவு சுலபம் இல்லைங்க. வயாக்ஸ் என்ற வலி மாத்திரைமேல் வழக்குகள் நடந்த சமயத்தில், அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ஒரு வக்கீல் ஆபீஸில், கட்சிக்காரர்களின் மெடிக்கல் ரெக்கார்டுகளைத் திரட்டுகிற வேலையில் இருந்தேன். மாரடைப்பு, பக்கவாத ஆபத்து கூடுகிறது என்று 2004 செப்டம்பர் 30 அன்று அதைத் தயாரித்த மெர்க் கம்பெனி திரும்பப் பெற்றதிலிருந்து எங்களுக்குப் போன் ஓயவில்லை.

பலர் கையில் ஒரு பேப்பர் கட்டிங் இருக்கும். டெக்ஸாஸில் கணவரை இழந்த ஒரு பெண்ணுக்கு 25 கோடி டாலருக்கு மேல் தரச்சொல்லி 2005இல் ஜூரி தீர்ப்பு வந்ததே, அதுதான். மாநிலச் சட்டத்தின் உச்சவரம்பால் அந்தத் தொகை பத்தில் ஒரு பங்காகச் சுருங்கியதையும், 2008இல் அப்பீலில் அதுவும் அடிபட்டுப் போனதையும் யாரும் வெட்டி வைத்துக்கொள்ளவில்லை.

பெரும்பாலானோருக்குப் பணம் வந்தது, வழக்குப் போட்டவர்களோடு மெர்க் 2007 நவம்பரில் செய்துகொண்ட சமரசத்தில்தான். மொத்தம் 485 கோடி டாலர், அதில் மாரடைப்புக்கு 400 கோடி, ரத்தக்குழாய் அடைத்து வரும் பக்கவாதத்துக்கு 85 கோடி. மூளையில் ரத்தம் கசிந்து வந்த பக்கவாதம் கணக்கிலேயே இல்லை. ரிட்டயர்டு பஸ் டிரைவர் ஒருவரின் மனைவியிடம் இதைச் சொல்லவேண்டி வந்தது, எந்தப் பக்கவாதமாக இருந்தால் என்ன, அவர் கை அசையவில்லையே என்றார். அதற்கு நான் என்ன பதில் சொல்ல?

அந்தச் சமரசப் பணம் கிடைக்க, குறைந்தது 30 மாத்திரை வாங்கியதற்கு ஆதாரம் வேண்டும், பாதிப்புக்கு முந்தைய 14 நாளுக்குள் சாப்பிட்டிருப்பார் என்று நம்பும்படி அது இருக்கவேண்டும். நம்ம ஊர்க்காரர் ஒருவர், டாக்டர் கொடுத்த சாம்பிள் பாக்கெட்டிலேயே மாதக்கணக்கில் ஓட்டியவர், சாம்பிள் கொடுத்ததை டாக்டர் ஃபைலில் எழுதவே இல்லை. மனுஷன் பொய் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும், ஆனால் காட்ட ஒரு காகிதம் கிடையாது. ஆதாரம் இருந்தவர்களுக்கும் சிகரெட், பிரஷர், கொலஸ்ட்ரால் என்று ஒவ்வொன்றுக்கும், பணத்தைக் கணக்கிடும் பாயிண்ட் குறைந்தது. வக்கீல் ஃபீஸை மட்டும், இந்த வழக்குகளைக் கவனித்த நியூ ஆர்லியன்ஸ் நீதிபதி 32 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்று கட்டிப்போட்டார், நல்ல காரியம்.

பதில்: அண்ணா, என் மாமியாருக்கு டாக்டர் எழுதிக்கொடுத்தது ஜெனரிக் (பிராண்டு மருந்தையே வேறு கம்பெனி தயாரிப்பது) வலி மாத்திரை, அதுவும் அமெரிக்காவில்தான். அதற்கும் இதே கதைதானா?

பதில்: அது இன்னும் கஷ்டம்மா. லேபிளில் சரியாக எச்சரிக்கவில்லை என்று பிராண்டு கம்பெனி மேல் வழக்குப் போடலாம் என்று 2009இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. ஜெனரிக் கம்பெனி பிராண்டின் லேபிளைத்தான் அப்படியே போடவேண்டும், தானாக மாற்றமுடியாது, அதனால் அந்த வழக்கு அவர்கள் மேல் செல்லாது என்று 2011இல் சொல்லிவிட்டது. மருந்தின் வடிவமைப்பே கோளாறு என்று போய்ப் பார்த்தார்கள். தோள்வலிக்கு ஜெனரிக் சுலின்டாக் சாப்பிட்டு உடம்புத் தோலே உரிந்துபோன பெண்ணுக்கு ஜூரி கொடுத்த 2.1 கோடி டாலரும் 2013இல் ரத்தாகிவிட்டது. பெரும்பாலும் மீதி இருப்பது, டாக்டரோ ஃபார்மசியோ தப்புச் செய்திருந்தால் அவர்கள் மேல் போடும் வழக்கு. மாமியாரின் ஃபார்மசி பிரிண்டவுட்டை முதலில் வாங்கிவையுங்கள், பாட்டிலைத் தூக்கிப் போடாதீர்கள். எங்கள் நியூ ஜெர்சியில் வழக்குப் போடப் பொதுவாக இரண்டு வருடம்தான் கெடு, அவர் எந்த மாநிலத்தில் இருக்கிறார்?