லினக்ஸில் கிளவுட் கேமிங்: டிகோடிங் முழுக்க சிபியுவிலேயே நடக்கிறது

உபுண்டு 24.04-இல் பிரவுசர் வழியாகக் கிளவுட் கேம் (தொலைவிலுள்ள சர்வரில் ஓடி, நமக்கு வீடியோவாக வரும் கேம்) ஆடினால் படம் திக்கித் திக்கி வருகிறது. சிபியு 90 சதவீதத்தைத் தாண்டுகிறது. பிரவுசரின் ஜிபியு (கிராபிக்ஸ் சிப்) பக்கத்தில் வீடியோ டிகோட் (சுருக்கி வரும் வீடியோவை விரித்துப் படமாக்குவது) ‘சாஃப்ட்வேர் மட்டும்’ என்றே இருக்கிறது. போன மாத அப்டேட் வரை நன்றாக ஓடியது.

லேப்டாப் இன்டெல் ஏழாம் தலைமுறை ஐ5, எச்டி 620 கிராபிக்ஸ், 8 ஜிபி ரேம். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லை. பழைய கேம்களுக்குப் புரோட்டான் (விண்டோஸ் கேம்களை லினக்ஸில் ஓட்டும் மென்பொருள்) தாராளம். கனமான கேம்களுக்குக் கிளவுட்டை விட்டால் எனக்கு வேறு வழியே இல்லை. இடம் மதுரை, 100 எம்பிபிஎஸ் ஃபைபர்.

வைஃபையை விட்டு லேன் கேபிள் போட்டேன், மாற்றமில்லை. வீடியோவை ஜிபியுவில் டிகோட் செய்ய உதவும் இன்டெலின் விஏ-ஏபிஐ டிரைவர் இருக்கிறது. அதைச் சோதிக்கும் விஏஇன்ஃபோ கட்டளை எச்.264, விபி9 என்ற இரண்டு வீடியோ வடிவங்களையும் காட்டுகிறது. எம்பிவி பிளேயரில் ஜிபியுதான் டிகோட் செய்கிறது, சிபியு அசைவதே இல்லை. ஆக, ஹார்டுவேரில் குறையில்லை என்றே நினைக்கிறேன். திரையைக் கையாளும் அமைப்பை வேலண்டிலிருந்து எக்ஸ்11-க்கு மாற்றினேன். அப்புறம் ஸ்னாப் வடிவப் பிரவுசரை நீக்கிவிட்டு, உபுண்டுவின் வழக்கமான டெப் பேக்கேஜாகப் போட்டேன். 720பி-யில் ஓரளவு சமாளிக்கலாம், ஆனால் திரையில் எழுத்துகள் மங்கிவிடுகின்றன.

குரோமியம் வகை பிரவுசரில் வெப்ஆர்டிசி (பிரவுசரில் நேரலை வீடியோ அனுப்பும் முறை) வீடியோவை ஜிபியுவில் டிகோட் செய்ய வைக்க, இப்போது எந்த ஃபிளாக் (பிரவுசரின் சோதனை அமைப்பு) உண்மையிலேயே வேலை செய்கிறது?