புதுப்பிப்பு: செயின்ட் கில்டா படகுப் பயணம், ஆகஸ்ட் வேண்டாம்

ஸ்காட்லாந்தின் செயின்ட் கில்டா தீவுக்கூட்டத்துக்கு ஆகஸ்ட் நடுவில் போகலாம் என்று முந்தைய இழையில் எழுதியிருந்தேன். அது தவறு. ஆகஸ்ட் தொடக்கத்திலேயே பஃபின்கள் (வளையில் முட்டையிடும் சின்னக் கடற்பறவைகள்) கடலுக்குக் கிளம்பிவிடும். மே கடைசி முதல் ஜூலை நடுவரைதான் சரியான காலம். கானெட்டுகள் என்ற பெரிய வெள்ளைக் கடற்பறவைகள் செப்டம்பரிலும் இருக்கும்.

"காற்றே இல்லை, படகுப் பயணம் ஏன் ரத்து?" என்று கேட்டிருந்தீர்கள். படகு போய்ச் சேரும் முக்கியத் தீவான ஹிர்தாவின் கிராம விரிகுடா தென்கிழக்கு பார்த்தது. மேற்குக் காற்றை மலை தடுத்துவிடும். காற்று இல்லாவிட்டாலும் தென்கிழக்கிலிருந்து அலை வந்தால் மறைப்பே கிடையாது. பெரிய படகு நங்கூரமிட்டு நிற்க, சின்ன ரப்பர் படகில்தான் கரைக்குப் போகணும். அது துள்ளினால் இறக்க மாட்டார்கள். அதனால் அடுத்த நாளையும் காலியாக வைத்துக்கொள்ளுங்கள். படகு கிளம்பும் ஹாரிஸ் தீவின் லெவர்பரோவிலிருந்து போக மட்டுமே ஏறக்குறைய மூன்று மணி நேரம். வாந்தி மாத்திரையைக் குமட்டல் வந்தபின் போட்டுப் பயனில்லை, ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போடணும். உட்கார பின்பக்கம் நல்லது, முன்பக்கம்தான் அதிகம் தூக்கிப் போடும்.

திரும்பும்போது பக்கத்துத் தீவான போரரே பக்கம் போவார்கள். அங்கே கடலில் நிற்கும் 196 மீட்டர் பாறைத் தூண் ஸ்டாக் அன் ஆர்மின் தூரத்தில் வெள்ளையடித்த மாதிரி தெரியும். பாதி எச்சம், பாதி கானெட். படமெடுக்க கேமரா முக்காலி வீண், படகே ஆடுகிறதே! ஷட்டர் 1/2000. லென்ஸில் உப்புத் துளி பட்டால் உலர்ந்த துணியால் தேய்க்காதீர்கள், கீறும். நல்ல தண்ணீரில் நனைத்து ஒற்றியெடுங்கள்.

பையில் எலி புகுந்திருக்கிறதா என்று முந்தின இரவே கொட்டிப் பாருங்கள். ஒரு எலி தீவேறினாலும் வளைக்குள் இருக்கும் முட்டைகள் தப்பாது.