பழைய படகு வாங்க ஆலோசனை தேவை

வணக்கம் உறவுகளே. முல்லைத்தீவு, கள்ளப்பாட்டில் தொழில் செய்யும் என் தம்பிக்காக, பழைய படகு விற்கும் வியாபாரி ஒருவரிடம் பைபர் படகொன்றை 25 குதிரைவலு இயந்திரத்துடன் பார்த்திருக்கிறோம். அடிப்பகுதி முழுவதும் புது வர்ணம். அதுதான் எனக்கு உறுத்துகிறது. வெடிப்பையும் ஒட்டுவேலையையும் வர்ணம் மறைத்துவிடும். தட்டிப் பார்த்தபோது அணியத்துப் பக்கம், அதாவது படகின் முன்பகுதியில், ஓசை மந்தமாகக் கேட்டது. உள்ளே நீர் ஊறியிருக்குமா? இயந்திரத்தைத் தண்ணீர்ப் பீப்பாயில் வைத்து இயக்கிக் காட்டுகிறார். கடலில் ஓட்டிப் பார்க்க விடமாட்டாராம். கடற்றொழில் திணைக்களப் பதிவும் இன்னும் முந்தைய உரிமையாளரின் பெயரிலேயே இருக்கிறது. பெயர் மாற்றம் முடிந்த பிறகே மீதிப் பணம் என்று நாங்கள் உறுதியாக நிற்கலாமா? பைபர் வேலை தெரிந்த அண்ணாமார் யாராவது ஒருமுறை நேரில் வந்து பார்த்துச் சொன்னால் பேருதவியாக இருக்கும். போக்குவரத்துச் செலவை நாங்களே தருகிறோம். வெள்ளிக்கிழமைக்குள் வியாபாரிக்குப் பதில் சொல்ல வேண்டும்.