உதவி: பிராட்பேண்ட் ஆர்எஃப் பெருக்கியில் மாஸ்ஃபெட் இரண்டாம் முறையாகப் போய்விட்டது

குறும்பலை_ரசிகர்:
வணக்கம். என் வானொலி செட்டின் (டிரான்ஸ்மிட்டர்) சிக்னலைக் கூட்ட, ஐஆர்எஃப்510 என்ற மாஸ்ஃபெட் (ஒரு வகை டிரான்சிஸ்டர்) இரண்டைப் புஷ்-புல் முறையில், அதாவது மாறி மாறி வேலை செய்யும்படி வைத்து, ஆர்எஃப் (ரேடியோ அலைவரிசை) பெருக்கி ஒன்று கட்டினேன். டிரைவ் (உள்ளீட்டுச் சிக்னல்) கொடுத்த சில நொடிகளில் இரண்டும் ஷார்ட் ஆகிவிட்டன. மாற்றிய ஜோடிக்கும் அதே கதிதான். ஞாயிற்றுக்கிழமைக்குள் ஓட வேண்டும். எந்த மாஸ்ஃபெட் வாங்கினால் தாங்கும் என்று மட்டும் சொன்னால் போதும்.

ஈயப்பற்று:
சப்ளை எத்தனை வோல்ட், டிரைவ் எத்தனை வாட், வெளியீட்டில் எதை இணைத்திருந்தீர்கள், மாஸ்ஃபெட்டுக்கு அடியில் மைக்கா (மின்காப்புத் தகடு) வைத்தீர்களா? ஐஆர்எஃப்510-இன் உலோக முதுகு டிரெயினோடு (சப்ளை வந்து சேரும் முனை) இணைந்தது. தரையோடு சேர்ந்த ஹீட் சிங்க்கில் (சூட்டை வெளியேற்றும் உலோகத் துண்டு) மைக்காவும் திருகுக்கான பிளாஸ்டிக் புஷ்ஷும் இல்லாமல் முடுக்கினால் சப்ளையே ஷார்ட் ஆகிவிடும்.

சிலிக்கன்_சந்தேகி:
எனக்கு இது போலிச் சரக்காகவே படுகிறது. பழைய எண்ணைத் தேய்த்துவிட்டு வேறு எண்ணை அச்சடித்து விற்பது கடைத்தெருவில் புதிதல்ல. பில் கொடுக்கும் கடையில் வாங்குங்கள்.

பழையவால்வு:
டேட்டாஷீட்டைத் திறந்துகூடப் பார்க்காமல் மாஸ்ஃபெட்டைக் குறை சொல்வது இப்போது வழக்கமாகிவிட்டது. தம்பி, வால்வு (பழைய வெற்றிடக் குழாய்) தவறைப் பொறுத்துக்கொள்ளும், சிலிக்கன் பொறுக்காது. கேள்வி கேட்கவும் கொஞ்சம் படிப்பு வேண்டும்.

குறும்பலை_ரசிகர்:
மன்னிக்கவும், இவையெல்லாம் தேவைப்படும் என்று நினைக்கவில்லை. சப்ளை 24 வோல்ட். மைக்கா, புஷ் இரண்டும் உண்டு. டிரைவ் 1 வாட்டுக்கு மேல் கூடாது என்று வரைபடத்தில் இருக்கிறது. என் செட் 5 வாட் தருகிறது, அதையே 7 மெகாஹெர்ட்ஸில் நேராகக் கொடுத்தேன். வெளியீட்டில் வெள்ளைச் செராமிக் மின்தடை, 47 ஓம், 20 வாட். மல்டிமீட்டரும் 47 என்றே காட்டுகிறது.

ஈயப்பற்று:
இப்போது பிடி கிடைத்துவிட்டது. அந்தச் செராமிக்கின் உள்ளே இருப்பது சுற்றிய கம்பி. மல்டிமீட்டர் நேர்மின்னோட்டத்தில் அளப்பதால் 47 ஓம் காட்டுகிறது. ஆனால் அந்தச் சுருளில் 5 மைக்ரோஹென்றி இருந்தாலே 7 மெகாஹெர்ட்ஸில் ஏறக்குறைய 220 ஓம் கூடுதல் எதிர்ப்பு சேர்ந்துவிடும். பெருக்கியின் பார்வையில் அது டம்மி லோடே (ஆன்டெனாவுக்குப் பதில் சோதனைக்கு மாட்டும் 50 ஓம் சுமை) அல்ல. டிரைவும் தவறு: 50 ஓமில் 5 வாட் என்றால் உச்ச மின்னழுத்தம் 22 வோல்ட்டைத் தாண்டும், இந்த மாஸ்ஃபெட்டின் கேட் (உள்ளீட்டு முனை) தாங்குவதோ 20. உள்ளீட்டு மின்மாற்றி அதைக் குறைக்கலாம். அதை நம்பி இறங்காதீர்கள். செட்டுக்கும் பெருக்கிக்கும் நடுவே 7 டெசிபல் அட்டென்யூவேட்டர் (சிக்னலைக் குறைக்கும் மின்தடைத் தொகுதி) வைத்தால் சரியாக 1 வாட் வரும், 10 வைத்தால் அரை வாட். மீதி 4 வாட்டுக்கு மேல் அதற்குள்ளேயே சூடாகப் போவதால் கால் வாட் மின்தடைகளைப் போட்டுக் கருக்கிவிட வேண்டாம். டம்மி லோடுக்கு 1 கிலோ ஓம், 2 வாட் பிலிம் (கம்பி சுற்றாத) மின்தடைகள் இருபதை இணையாகப் பற்றவையுங்கள்; 50 ஓம், 40 வாட் ஆகிவிடும். முதலில் லோடு, பிறகு 12 வோல்ட் சப்ளை மின்னோட்ட வரம்போடு, அதன்பின் டிரைவ் இல்லாமல் ஒவ்வொரு மாஸ்ஃபெட்டுக்கும் பயாஸ் (கேட்டுக்குத் தரும் நிலையான மின்னழுத்தம்), கடைசியில்தான் டிரைவ். அணைக்கும்போது டிரைவை முதலில் எடுங்கள்.

பழையவால்வு:
இத்தனை ஆர்ப்பாட்டம் எதற்கு? நாங்கள் லோடாக 100 வாட் பல்பை மாட்டி, அது எரியும் வெளிச்சத்தைப் பார்த்தே டியூன் செய்தவர்கள்.

ஈயப்பற்று:
230 வோல்ட், 100 வாட் பல்பு முழுதாக எரியும்போது 529 ஓம். குளிர்ந்திருக்கும்போது அதில் பத்தில் ஒரு பங்குகூட இராது. வால்வு செட்டில் பை வலைப்பின்னலை (லோடுக்கு ஏற்ப மாற்றக்கூடிய வெளியீட்டுச் சுற்று) திருகி அந்த மாற்றத்தைச் சமாளித்தீர்கள். இதில் திருகுவதற்கு என்ன இருக்கிறது, ஐயா?

பழையவால்வு:
பல்பால் என் கையில் ஒரு செட்டும் போனதில்லை.

சிலிக்கன்_சந்தேகி:
பல்பு இருக்கட்டும், பில் வாங்கினாரா என்பதற்கு இன்னும் பதில் வரவில்லை.

குறும்பலை_ரசிகர்:
புது ஜோடி போட்டு, 10 டெசிபல் அட்டென்யூவேட்டரும் இருபது மின்தடைகளும் வைத்தேன். 12 வோல்ட்டில் 6 வாட் வருகிறது. பத்து நிமிடம் ஓடியது, கை வைக்கும் சூடுதான். நன்றி. இனி ஆன்டெனாவில் மாட்டப் போகிறேன்.

ஈயப்பற்று:
மாட்டுவதற்கு முன் ஒரு கேள்வி: லோ-பாஸ் பில்டர் (உயர் அலைவரிசைகளைத் தடுக்கும் வடிகட்டி) இருக்கிறதா? புஷ்-புல் இரட்டைப்படை ஹார்மோனிக்கை (அலைவரிசையின் மடங்குகளில் கூடவே வரும் சிக்னல்) மட்டும்தான் ஓரளவு அடக்கும். மூன்றாவதான 21 மெகாஹெர்ட்ஸ் பிராட்பேண்ட் மின்மாற்றியைத் தாண்டி அப்படியே வெளியே போகும்.

ஈயப்பற்று:
நண்பரே, பில்டர்?