சரியாக முடியாத இழைக்கு ஒரு சொல் வேண்டும்

பிரிக்பீல்ட்ஸிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். சனிக்கிழமை வகுப்புக்கான பைத்தான் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. த்ரெட்டுக்கு, அதாவது ஒரு நிரலுக்குள் மற்றவற்றோடு சேர்ந்து தனியாக ஓடும் வேலை ஓட்டத்துக்கு, 'இழை' என்று போட்டாயிற்று, தயவுசெய்து அதை மறுபடி கிளற வேண்டாம். சிக்கல் அடுத்த பாடத்தில். முதன்மை இழை கடைசி வரிவரை ஓடிவிட்டது, ஆனாலும் நிரல் மூட மறுக்கிறது, ஏனென்றால் இன்னோர் இழை வரிசையில் வேலை வரும் வரும் என்று காத்து நிற்கிறது, வேலை போட ஆளில்லை. இதை எப்படிச் சொல்வது? பிள்ளைகள் 'ஹேங் ஆயிருச்சு' என்கிறார்கள்.

ஜார்ஜ்டவுனிலிருந்து:

டீச்சர், சொல் நம் இலக்கணத்திலேயே இருக்கிறது. முற்று, எச்சம். 'வந்து' என்று சொல்லி நிறுத்திப் பாருங்கள், காது அடுத்த வினையைக் கேட்கும். உங்கள் இழையும் அதே நிலையில்தான் நிற்கிறது. 'எச்ச இழை' என்று போடுங்கள். அஞ்சு அச்சமானது, மிஞ்சு மிச்சமானது, எஞ்சு எச்சமானது, எல்லாம் ஒரே வாய்பாடு. வள்ளுவரும் வினைசெயல்வகையில் முடிக்காமல் விட்ட வினையைத் தீயின் எச்சத்தோடு வைக்கிறார். கணினிக்காரர்களுக்கு இதைவிடப் பொருத்தமான எச்சரிக்கை ஏது?

பாயான் லெப்பாஸிலிருந்து:

ஐயா, ஆலையில் நாங்கள் எல்லாரும் 'தொங்குது' என்றுதான் சொல்கிறோம். 'தொங்கிழை' போதும், யாருக்கும் விளக்க வேண்டாம்.

ஜார்ஜ்டவுனிலிருந்து:

தம்பி, அது ஆங்கிலத்துக்குத் தமிழ் எழுத்தில் சட்டை மாட்டியது. தமிழில் விளக்குத் தொங்கும், தோரணம் தொங்கும். காத்திருப்பது எப்படித் தொங்கும்?

செந்தூலிலிருந்து:

சொல்லுக்கு முன்னால் பொருளைப் பிரிப்போம், இல்லாவிட்டால் பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் ஒரே மருந்தைத் தேடுவார்கள். டீச்சர் சொன்னது முடியாமல் காத்து நிற்கும் இழை. அதற்கு வரிசையில் 'இனி வேலை இல்லை' என்று ஒரு முடிவுக்குறி போட வேண்டும், அல்லது காத்திருப்புக்கு நேர வரம்பு வைக்க வேண்டும். எந்த இழை எந்த வரியில் நிற்கிறது என்று பைத்தானோடு வரும் ஃபால்ட்ஹேண்ட்லர் என்ற கருவியே காட்டிவிடும். டீமன், அதாவது நிரல் மூடக் காத்திருக்க வேண்டாத இழை, என்று குறித்துவிட்டால் நிரல் மூடும், ஆனால் பாதி எழுதிய கோப்பும் அப்படியே போகும். அது மூடி மறைப்பதுதான், தீர்வு இல்லை.

இன்னொரு வகை, வேலையை முடித்துவிட்டது, யாரும் ஜாயின் போட்டு, அதாவது அது முடியும்வரை காத்திருந்து, அதைக் கணக்குத் தீர்க்கவில்லை. யூனிக்ஸ் வகை அமைப்புகளின் இழை நூலகமான பீத்ரெட்டில் டிடாச்சும் (யாரும் காத்திருக்க வேண்டாம் என்று தனியே விட்டுவிடுவது) செய்யாவிட்டால் அதன் வளங்கள் விடுபடாமல் கிடக்கும். சி++இல் ஜாயினும் டிடாச்சும் செய்யாத இழைப்பொருள் அழிந்தால் முழு நிரலும் விழும். தானே ஜாயின் செய்துகொள்ளும் ஜேத்ரெட் சி++20இல் வந்தது இதனால்தான். ஐயாவின் எச்சம் இந்த வகைக்குத்தான் பொருந்தும்.

அப்புறம், நடுவில் வெட்டப்பட்ட இழை. ஜாவாவில் இழையை வெட்டும் ஸ்டாப் கட்டளை 1.2 பதிப்பிலேயே வேண்டாம் என்று ஒதுக்கப்பட்டது. அதை வைத்து வெட்டியபோது, ஒரே தரவை இரண்டு இழைகள் ஒரே நேரத்தில் தொடாமல் காக்கும் பூட்டுகள் திறந்துகொண்டன, பாதி மாறிய தரவு மற்ற இழைகள் கையில் சிக்கியது. விண்டோஸின் டெர்மினேட்த்ரெட் நேர்மாறு, பூட்டு பூட்டியபடியே நின்றுவிடலாம். இதை எச்சம் என்றால் பாடமே குழம்பும். தவிர, எச்சம் என்றதும் பிள்ளைகளுக்குக் காக்கைதான் நினைவுக்கு வரும்.

ஜார்ஜ்டவுனிலிருந்து:

காக்கைக்குப் பயந்து இலக்கணத்தை விட முடியாது. வினையெச்சம் படித்த பிள்ளைகள்தானே? சரி, 'முற்றா இழை' என்றாவது போடுங்கள். ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், குறையே இல்லை.

பாயான் லெப்பாஸிலிருந்து:

முற்றா என்றால் எனக்கு வெண்டைக்காய்தான் ஐயா. 'முடியா இழை' என்று விட்டுவிடுவோமே.

பிரிக்பீல்ட்ஸிலிருந்து:

நான்கு பேர் தனியஞ்சலில் 'முடியா இழை'க்கே கை தூக்கியிருக்கிறார்கள். அதையே அச்சுக்குக் கொடுக்கிறேன். வெட்டப்பட்டதற்கு 'வெட்டுண்ட இழை'. ஜாயின் செய்யாததற்கு இன்னும் சொல் இல்லை, அந்தப் பத்தியை விளக்கமாகவே எழுதிவிட்டேன்.

ஜார்ஜ்டவுனிலிருந்து:

அந்த வெற்றிடத்தில் 'எச்ச இழை' உட்காரட்டும். செந்தூல் தம்பியே பொருந்தும் என்று எழுதியிருக்கிறார். 'முடியா' என்றால் இயலாத என்றும் பொருள்படும், அதை நான் ஏற்கவில்லை. இரண்டாம் பதிப்பு வரும்போது மறுபடி எழுதுவேன்.